பொறியும் பொழுதும்

திருவள்ளுவனார் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை 48, 49, 50 என்னும் நிரலில் அடுத்தடுத்து வைத்துள்ளார். அவை அரசர்க்கென வகுக்கப்பட்டனவாயினும், எத்தொழில் செய்வார்க்கும் பொருந்துவனவேயாம். மோட்டார் எஞ்சினைச் செப்பஞ் செய்வானொருவனும் இம்மூன்றினையுமே அறிதல் வேண்டும். எரிபொருளின் வலி யாது, அதனைப் பற்றவைக்குந் தீப்பொறி எக்கணத்திற் பிறத்தல் வேண்டும், அக்கணத்தைக் காட்டுங் குறி எவ்விடத்தில் அமைதல் வேண்டும் என்பன அவை. பழைய காற்றுக் குளிர்ச்சி எஞ்சினொன்றில் அக்குறியை இட்டு, பொறியைப் பொழுதோடு பொருத்தும் முறையினையே இக்கட்டுரையில் யாம் விளக்கப் புகுந்தோம். கராச்சுகளில் இதனை 'ரைமிங் வைத்தல்' என்பர்.

தமிழாசிரியர்க்கு எஞ்சினில் யாது அலுவல் என வினவுவாரும் இருத்தல் கூடும். அவர்க்கு எமது மறுமொழி இது. 1847 ஆம் ஆண்டில் இந்நாட்டிற்கு வந்த அமெரிக்க மருத்துவராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலிருந்து மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மாணவர்க்கு மருத்துவங் கற்பித்தார். உடலின் நரம்பையும் நாளத்தையும் தமிழிற் சொல்லக் கூடுமாயின், எஞ்சினின் கப்பியையும் முசலத்தையுஞ் சொல்லக் கூடாதோ? நம் குடாநாட்டில் இக்கலை கைப்பழக்கமாகவும் செவிப்பழக்கமாகவும் வாழ்கின்றது. ஏட்டில் ஏறியது மிகச் சிறிது. கைப்பழக்கம் கையோடு போய்விடும், எழுத்தோ நிற்கும்.

யாழ்ப்பாணம் பழைய கார்களுக்குப் பேர்போன ஊர் என்பதை இலங்கையர் எவரும் அறிவர். ஓஸ்ரின், மொறிஸ் முதலிய பிரித்தானிய வண்டிகள் உலகின் பிற பாகங்களிற் காட்சிச்சாலையை அடைந்த பின்னரும் நம் வீதிகளில் வாடகைக்கு ஓடின. அவை பெரும்பாலும் நீராற் குளிர்வன. காற்றாற் குளிரும் கார்களுள் யாவருமறிந்தது செருமனியிற் பிறந்த வொக்ஸ்வாகன் 'வண்டு'. பேர்டினண்ட் போர்ஷே வகுத்த இக்கார், 2003 ஆம் ஆண்டு யூலையில் மெக்சிக்கோவின் புவெப்லா நகரில் இறுதி வண்டி வெளிவரும் வரை, இரண்டு கோடியே பத்து இலட்சத்துக்கு மேல் உற்பத்தியாயிற்று. இலங்கையிலும் இதனைப் பேணுவோர் உளர். ஆதலின் வண்டின் எஞ்சினையே யாம் ஈண்டு எடுத்துக்காட்டாகக் கொள்கின்றோம். இதனை நன்கறிந்தார்க்கு ஏனைய எஞ்சின்களும் எளிதிற் புலனாகும்.

முதற்கண் எஞ்சினின் தொழிலை நோக்குவோம். உருளையினுள் முசலம் மேலுங் கீழும் ஓடுகின்றது. கராச்சுக்காரர் இவற்றைச் சிலிண்டர், பிஸ்ரன் என்பர். முசலம் முதலிற் கீழிறங்கிப் பெற்றோல் கலந்த காற்றை உறிஞ்சும். அடுத்து மேலேறி அதனை நெருக்கும். பொறி பிறந்து கலவை எரியவே மூன்றாவதாகக் கீழே தள்ளப்படும். நான்காவதாக மேலேறிப் புகையை வெளியேற்றும். இந்நான்கு வீச்சும் முடிதற்குச் சுழற்றித் தண்டு இருமுறை சுழலும். முசலம் எட்டும் மிக உயர்ந்த நிலையை நாம் உச்சநிலை என வழங்குவோம். வண்டில் உருளைகள் பக்கவாட்டிற் படுத்திருத்தலின் உச்சமென்பது அங்கே புறத்தெல்லையாம். எனினும் பெயர் மாறவேண்டியதில்லை.

ஊஞ்சலை உந்துவோன் அது தன்னிடத்தை வந்தடைந்து திரும்புங் கணத்தில் உந்துகின்றான். வருகின்ற ஊஞ்சலை எதிர்த்து உந்தினால் கை நோகும். நெடுந்தூரம் போன பின்னர் உந்தினால் கை காற்றையே தள்ளும். முசலத்தின் மீது அமுக்கம் உறவேண்டியதும் அவ்வாறே உச்சநிலையைக் கடந்த சிறிது பொழுதினுள் ஆகும். அங்ஙனமாயின் பொறியும் உச்சநிலையிலேயே பிறக்கலாமன்றோ எனின், ஆகாது. பொறி பிறந்தவுடனே கலவை முழுதும் எரிந்துவிடுவதில்லை. தீ பரவுதற்குப் பொழுது வேண்டும். அப்பொழுது ஏறத்தாழ ஒரு செக்கனின் ஆயிரத்தில் இரண்டு பங்கு எனக் கொண்டு கணித்துப் பார்ப்போம். நிமிடத்துக்கு 800 முறை சுழலும் எஞ்சினின் தண்டு ஒரு செக்கனில் 4,800 பாகை திரும்பும்; தீ பரவும் அச்சிறு பொழுதினுள் 9.6 பாகை திரும்பிவிடும். நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும்போதோ செக்கனுக்கு 18,000 பாகை. அச்சிறு பொழுதினுள் 36 பாகை. ஆகவே பொறி உச்சநிலைக்கு முன்னரே பிறத்தல் வேண்டும். வேகம் மிகுந்தோறும் மேலும் முந்துதல் வேண்டும். வேகத்துக்கேற்ப முந்துதலை டிஸ்ரிபியூட்டரினுள் அமைந்த பொறிமுறை தானே செய்துகொள்ளும். தொடக்க நிலையை மட்டும் மனிதன் தன் கையால் வைத்தல் வேண்டும். அதற்கே குறி.

இனி, காற்றுக் குளிர்ச்சியின் இயல்பினைக் கூறுவாம். நம் தோட்டங்களில் துலா ஓய்ந்து இறைப்பு இயந்திரம் வந்த காலந்தொட்டு, உருளையைச் சுற்றித் தகடு தகடாகச் செதிள்கள் நிற்கும் சிறு எஞ்சினை நம் உழவர் அறிவர். செதிள்கள் வெப்பத்தைக் காற்றுக்கு ஈகின்றன. வண்டிலும் அவ்வாறே. சுழற்றித் தண்டின் கப்பியிலிருந்து செல்லும் வார் மின்பிறப்பாக்கியைச் சுழற்ற, அதே தண்டிற் பொருந்திய விசிறி, தகட்டுறையினூடே காற்றை உருளைகளின்மீது செலுத்தும். அங்கே கொதித்து ஆவியெழுப்பி எச்சரிக்க நீர் இல்லை. நீரின் வெப்பத்தைக் காட்டும் முள்ளும் இல்லை. நீருறை ஒலியை அடக்குவதுபோல் அடக்குவாரின்மையால் எஞ்சின் இரைந்தே ஓடும். விசிறியும் உடன் இரையும். பொறி முந்திப் பிறத்தலால் எழும் 'நொக்கிங்' எனும் தட்டொலி அவ்விரைச்சலில் மறைந்துபோம். நீர்க் குளிர்ச்சி எஞ்சினிற் செவி காட்டிக்கொடுக்கும் பிழையை இங்கே குறி ஒன்றே காட்டுதல் வேண்டும். காற்றுக் குளிர்ச்சி எஞ்சினிற் குறியின் செம்மை ஆடம்பரமன்று, உயிர்காப்பென யாம் கூறுவது இதுபற்றியேயாம்.

வண்டின் பின்புறத்தில் நின்று எஞ்சினை நோக்குவார்க்குக் கீழே சுழற்றித் தண்டின் கப்பி தோன்றும். அதன் விளிம்பிற் சிறு வெட்டுக்குறிகள் உள. அக்கப்பிக்கு மேலே எஞ்சின் பெட்டியின் இரு பாதிகளும் ஒன்றுசேரும் நெடுங்கோடு உண்டு. அக்கோடே காட்டி; வெட்டுக்குறி அக்கோட்டுக்கு நேரே வருங் கணத்தில் முதலாம் உருளையிற் பொறி பிறத்தல் வேண்டும். 1960 ஆம் ஆண்டுக்கு முந்திய 1192 கன செ.மீ. எஞ்சினில் அது உச்சநிலைக்கு 7.5 பாகை முன். 1960 ஆகஸ்டிலிருந்து வந்த புதிய எஞ்சினில் 10 பாகை முன். புதிய எஞ்சினின் கப்பியில் இரு வெட்டுகள் அருகருகே இருப்பின் இடப்புறத்தது 7.5, வலப்புறத்தது 10 ஆம். கப்பி வலஞ்சுழியாகச் சுழல்வதால், வலப்புறக் குறியே கோட்டை முதலில் வந்தடைதலும், அதுவே கூடுதலாக முந்திய கணத்தைக் காட்டுதலும் எண்ணிப்பார்ப்பார்க்கு விளங்கும். பிற்கால எஞ்சின்களுக்கு அளவு வேறாதலின், தத்தம் எஞ்சினின் இலக்கத்துக்குரிய அளவைக் கைந்நூலிற் கண்டு கொள்க.

குறி அழிந்துபோயின், அன்றி வேறோர் எஞ்சினின் கப்பி மாட்டப்பட்டிருப்பின், யாது செய்வது? பழைய வண்டிகளில் இது அரிதன்று. கையிற் கிடைத்ததைக் கொண்டு காரியம் பார்த்த நாட்டில் ஒரு கப்பி மூன்று எஞ்சினுக்கு மாறியிருத்தல் கூடும். இந்நிலையிற் பிளக்கைக் கழற்றி, துளையிற் கம்பியை விட்டு, அது அசையாது நிற்கும் இடமே உச்சநிலை எனக் கொள்வாருளர். அம்முறை நம்பத்தக்கதன்று. வண்டு 1192 இன் முசல வீச்சு 64 மி.மீ. ஆகும். உச்சநிலைக்கு 10 பாகை முன்னர் முசலம் உச்சத்திலிருந்து ஏறத்தாழ 0.6 மி.மீ. மட்டுமே விலகி நிற்கும். அச்சிறு இடைவெளியைக் கம்பி பிடித்த கை உணர்வது அரிது. கம்பிக்கு முசலம் நின்றுவிட்டதாகவே தோன்றும். முசலம் மெல்ல நகருமிடத்தில் அளவாது, விரைந்து நகருமிடத்தில் அளப்பதே அறிவு.

அதற்குரிய முறை வருமாறு. பற்றறிக் கம்பியைக் கழற்றிவிடுக. பிளக்குகள் அனைத்தையும் அகற்றுக. பழைய பிளக்கொன்றின் பீங்கானை நீக்கி, அதனூடே முனை மழுங்கிய ஆணியைப் பொருத்தி, முதலாம் உருளையின் பிளக் துளையில் முறுக்குக. முசலம் உச்சத்தை எட்டுமுன் அவ்வாணியில் முட்டி நிற்கும். வால்வுகள் ஆணியிற் படாதவாறு அவ்வுருளையின் வால்வு நெம்புகளை முன்னரே தளர்த்தி வைத்தல் நன்று. இனிக் கப்பியைக் கையால் மெல்ல வலஞ்சுழியாகத் திருப்புக. முட்டியவிடத்தே காட்டிக்கோட்டுக்கு நேராகக் கப்பியிற் சுண்ணக்கட்டியால் ஒரு கோடிடுக. பின்னர் இடஞ்சுழியாகத் திருப்பி, மறுபடி முட்டியவிடத்தே இரண்டாங் கோடிடுக. உச்சநிலைக்கு முன்னும் பின்னும் முசலத்தின் ஓட்டம் ஒத்திருத்தலின், காட்டியைக் கடவாது நின்ற அவ்வில்லின் நட்டநடுவே உச்சநிலை ஆகும். வன்மையாகத் திருப்புதலும், ஸ்ராட்டரால் எஞ்சினைச் சுழற்றுதலும் ஆகா. முசலத்தின் தலை மெல்லிய அலுமினியம்.

உச்சநிலையைக் கண்டபின் பாகையை அளத்தல் ஐந்தாம் வகுப்புக் கணக்கேயாம். கப்பியின் விளிம்பைச் சுற்றி ஒரு காகித நாடாவை இறுக்கமாக வைத்து, முனைகள் தொடுமிடத்தில் வெட்டுக. அந்நாடாவின் நீளம் 540 மி.மீ. ஆயின், ஒரு பாகைக்கு 1.5 மி.மீ. ஆகின்றது, 10 பாகைக்கு 15 மி.மீ.; 7.5 பாகைக்கு 11.25 மி.மீ. அளவுகோல் இன்றியும் இதனைச் செய்யலாம். நாடாவை இரண்டாக மடித்து, மீண்டும் இரண்டாக மடித்தால் 90 பாகை. அதனை ஒன்பது கூறிட்டால் ஒரு கூறு 10 பாகை. உச்சநிலைக் கோட்டிலிருந்து அவ்வளவு வலப்புறமாக அளந்து, அரத்தால் மெல்லிய வெட்டிட்டு, வெள்ளை நிறம் பூசுக. உச்சநிலைக் கோட்டையும் வேறு நிறத்தாற் குறித்தல் பின்வருவார்க்கு உதவியாகும். உள்ளே 0.6 மி.மீ. அளவாக ஒடுங்கிக் கிடந்த பொழுது, வெளியே 15 மி.மீ. அளவாக விரிந்து கண்ணுக்குப் புலனாயிற்று. குறியின் பயன் அதுவே.

அடுத்தது, பொறியைக் குறியோடு பொருத்துதல். எஞ்சின் முற்றாகக் குளிர்ந்திருத்தல் வேண்டும். இது காற்றுக் குளிர்ச்சி எஞ்சினுக்கு விதி. டிஸ்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, பொயின்ற் எனப்படும் தொடுமுனைகளின் இடைவெளியை முதலில் 0.4 மி.மீ. ஆக்குக. இடைவெளி மாறினாற் பொறியின் பொழுதும் மாறுமாதலால், இவ்வேலையை முன்னரே செய்தல் வேண்டும். பின்னர்ச் செய்வது வைத்த அளவைக் கெடுப்பதாகும். பின்பு கப்பியைத் திருப்பி வெட்டுக்குறியைக் காட்டிக்கோட்டுக்கு நேரே நிறுத்துக. ஒரு சுழற்சிக்கு இரண்டு வீச்சாதலின், குறி நேர்ப்படும் இருமுறையுள் ஒருமுறையே முதலாம் உருளைக்கு உரியது. டிஸ்ரிபியூட்டரின் விளிம்பில் உள்ள சிறு வெட்டை அதன் சுழலி நோக்கி நின்றால் அது முதலாம் உருளை. எதிர்ப்புறம் நோக்கினால் மூன்றாம் உருளை. வண்டின் பொறிவரிசை 1, 4, 3, 2 ஆகும். இவ்வேறுபாடு சிறிதன்று. பழைய வண்டுகளில் எண்ணெய்க் குளிர்த்தி தகட்டுறையினுள் மூன்றாம் உருளைக்குச் செல்லுங் காற்றை மறித்து நிற்பதால் அவ்வுருளை மற்றவற்றினும் சூடேறும். அதுபற்றியே பல டிஸ்ரிபியூட்டர்களில் மூன்றாம் உருளையின் பொறி மட்டும் சில பாகை பிந்திப் பிறக்குமாறு வகுத்துள்ளனர். அதனைக் கொண்டு அளவு வைப்பவன் ஏனைய மூன்று உருளைகளிலும் பொறியை முந்தச் செய்து எரித்துவிடுவான்.

இனி, ஒரு சிறு மின்குமிழ் வேண்டும். 6 வோல்ற்று வண்டிக்கு 6, 12 வோல்ற்று வண்டிக்கு 12. அதன் ஒரு முனையைக் கொயிலிலிருந்து டிஸ்ரிபியூட்டருக்குச் செல்லும் கம்பியிலும், மறுமுனையை எஞ்சினின் வெற்றிரும்பிலும் தொடுத்து, திறப்பைப் போடுக. பொயின்ற் மூடியிருக்கும்போது மின் அவ்வழியே நிலத்துக்குப் போதலாற் குமிழ் எரியாது. பொயின்ற் திறக்குங் கணத்தில் எரியும். அக்கணமே பொறி பிறக்குங் கணம். டிஸ்ரிபியூட்டரின் பிடியைத் தளர்த்தி, அதன் உடலை முதலில் வலஞ்சுழியாகத் திருப்பிக் குமிழை அணைத்து, பின்னர் மிக மெல்ல இடஞ்சுழியாகத் திருப்புக. குமிழ் எரியத் தொடங்கும் இடத்திலேயே நிறுத்திப் பிடியை இறுக்குக. முடிவில் கப்பியை இரண்டு முழுச்சுற்று வலஞ்சுழியாகத் திருப்பி, குறி கோட்டை அடையும்போதே குமிழ் எரிகின்றதா எனச் சரிபார்க்க. டிஸ்ரிபியூட்டரின் தண்டு சுழற்றித் தண்டின் பாதி வேகத்திலேயே சுழலும். ஆகவே டிஸ்ரிபியூட்டரில் ஒரு பாகைப் பிசகு கப்பியில் இரண்டு பாகைப் பிசகாகும். குமிழ் இல்லாதவிடத்து, பொயின்ற் இடையே மெல்லிய சிகரட் தாளை வைத்து, அது வழுகி வெளிவருங் கணத்தைப் பார்த்து அளவு வைக்கும் பழங்கையும் உண்டு. அதுவும் இதே நெறிதான். விளக்குக்குப் பதிலாக விரல் அறிவிக்கின்றது.

காலமும் இடமும் கூறினோம், வலியறிதல் எஞ்சியுள்ளது. 1990 ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் நம் குடாநாட்டில் மருந்துபோல் ஆயிற்று. அந்நாளில் நம் தொழிலாளர் சில துளி பெற்றோலால் எஞ்சினை எழுப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். நோயாளரை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றதும் அவ்வண்டிகளே. மண்ணெண்ணெயின் ஒக்டேன் எண் பெற்றோலினும் மிகத் தாழ்ந்தது. நெருக்கப்படும்போது தானே வெடிக்கும் இயல்பு கூடியது. எனவே பெற்றோலுக்கு வைத்த பொழுதிற் பொறி பிறந்தால் எஞ்சின் தட்டும். டிஸ்ரிபியூட்டரைச் சிறிது வலஞ்சுழியாகத் திருப்பிப் பொறியைப் பிந்தச் செய்தல் வேண்டும். நெருக்கல் விகிதம் தாழ்ந்த பழைய எஞ்சின்களே இதனைத் தாங்கின. வண்டில் அவ்விகிதம் 1960 க்கு முன் 6.6, பின்னர் 7.0 ஆம். புதிய எஞ்சின்கள் ஓய்ந்தவிடத்துப் பழையன ஓடியதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. ஆயினும் எரியாத மண்ணெண்ணெய் உருளைச் சுவர் வழியே இறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்யும். வண்டின் எண்ணெய் 2.5 லீற்றர் மட்டுமே. அது வழவழப்பைத் தருவதோடு வெப்பத்தின் ஒரு பங்கையும் சுமக்கின்றது. ஆதலாற் காற்றுக் குளிர்ச்சி எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டுதல் இருமடங்கு இடர்.

பின்பு பெற்றோல் வந்தது. ஆனால் பிந்த வைத்த பொறி பல வண்டிகளில் அப்படியே நிற்றல் கூடும். பிந்திய பொறி தட்டொலி எழுப்பாது. ஆகவே தீங்கற்றதென எண்ணுவர். அஃது உண்மையன்று. பிந்தி எரியுங் கலவை முசலத்தைத் தள்ளாது, புகைவாயிலிலும் எரிந்து, வெளியேற்று வால்வைக் கருக்கும், வலி குறையும், பெற்றோல் வீணாகும், எஞ்சின் காரணந் தோன்றாது கொதிக்கும். முந்திய பொறியோ முசலத்தின் தலையைத் துளைக்கும். ஒன்று விரைந்து கொல்லும் நஞ்சு; மற்றது மெல்லக் கொல்லும் நஞ்சு. 2022 ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சத்தில் வரிசையில் நின்றவர்க்குப் பெற்றோலின் ஒவ்வொரு துளியின் அருமையும் தெரியும். 2020 இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் தொடங்கியதாயினும், பழைய வண்டியே பல குடும்பங்களின் சோறாகவும் செல்வமாகவும் உள்ளது. ஒரு மில்லிமீற்றர் குறியால் அது காக்கவும் படும், கெடவும் படும்.

இக்கலையிற் கைதேர்ந்த முதியோர் நம்மூர்க் கராச்சுகளில் இன்றும் இருக்கின்றனர். அவருட் பலர் எழுதும் வழக்கம் இல்லாதவர். அவர்தம் செவியும் விரலும் அறிந்தவற்றைக் கேட்டெழுதுதல் நம் மாணவர்க்குத் தக்க பணியாகும். பழைய மாணவர்களாகிய அன்பர்களுள் பொறியியலாளர் பலர் கடல் கடந்தும் வாழ்கின்றனர். அவர்கள் தாம் அறிந்த ஒவ்வொரு கருவியைப் பற்றியும் இத்தகைய கட்டுரையொன்றைத் தமிழில் எழுதி நம் நூல்நிலையத்துக்கு அனுப்புவாராயின், விழா மண்டபத்தின் மாலைகள் வாடிய பின்னும் இந்த யூபிலி ஆண்டின் பயன் வாடாது நிற்கும். மாணவர் முதலிற் செய்யத்தக்கது சிறிது: வீட்டில் இறைப்பு இயந்திரமேனும் பழைய காரேனும் இருப்பின், அதன் குறியைத் துடைத்து, கண்டு, தந்தையாரிடமோ மாமனாரிடமோ அதன் பொருளைக் கேட்டறிக. அவர் அறியாராயின், இக்கட்டுரையை அவர்க்குப் படித்துக் காட்டுக.